வேகன்ஹவுண்டில் அவிழ்த்துவிட்ட வீடு

கோரின் டில்லட் ராலின்ஸில் பிறந்து வளர்ந்தவள். காரின் கதவைத் திறக்கும்போது பிடியை விட்டுவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிக்கொடுக்கும் ஊர் அது. விட்டால் காற்று கதவைக் கீலோடு பிய்த்துவிடும். அவளுடைய அப்பா ரயில்வே யார்டில் இருந்தார். அவள் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகாது என்று அவளே முடிவுகட்டிவிட்ட சமயத்தில் சமையல்கட்டின் நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. அதைப் பற்றவைக்க வந்தவன் ராய்ஸ்.

எரிவாயுக் குழாய் போடும் கம்பெனிகளோடு ஊர் ஊராகப் போகிற வெல்டர் அவன். வேலை முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தவனிடம், "உனக்கு வீடு எங்கே?" என்று கேட்டாள்.

"அதோ, வெளியே நிக்குது பாரு." பிக்கப் லாரிக்குப் பின்னால், சக்கரம் வைத்த ஒரு ட்ரெய்லர் வீடு நின்றது. "அந்த இடம் பிடிக்கலைன்னா சொல்லு. அடுத்த தெருவுல கொண்டுபோய் வெக்கிறேன்."

அந்த வசந்தத்திலேயே கல்யாணம். அதற்குப் பிறகு கோரினுக்கு அசையாத வீடு என்று ஒன்று இருந்ததில்லை. வாம்சட்டர், ஜில்லெட், வில்லிஸ்டன், மறுபடி வாம்சட்டர். எங்கே குழாய் போடுகிறார்களோ அங்கே ஒரு சரளைத் திடல், அதில் வரிசையாக ட்ரெய்லர்கள், பக்கத்து ட்ரெய்லரில் யார் யாரோடு சண்டை போட்டாலும் எல்லோருக்கும் கேட்கும். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ராய்ஸ் வாயாடி, குடித்தால் சத்தம் போடுகிறவன், எதையும் போட்ட இடத்தில் போட்டபடி விட்டுவிடுகிறவன். ட்ரெய்லரை இழுக்கிற நாளன்று மட்டும் ஆளே மாறிவிடுவான். முதல் வருஷமே அவள் அதைக் கண்டுகொண்டாள்.

"அந்த இரும்புச் சட்டியெல்லாம் எங்க வெச்சே?"

"பின்னால இருக்கிற அலமாரியில."

"எடு. எல்லாத்தையும் எடு. கனம் முன்னாடி வரணும், கோரின். பின்னால கனம் ஏறிச்சுன்னா காத்து வாலைப் புடிச்சு சுத்திவிட்டுரும்."

"ரெண்டு சட்டிக்கா இந்தக் கூத்து?"

"சட்டி ரெண்டுதான். நாமளும் ரெண்டு பேருதான்."

கொக்கியைப் பூட்டியபின் மண்டியிட்டுக் குனிந்து பார்ப்பான். இழுக்கும் பாரத்தை பிக்கப்பின் நாலு சக்கரத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற இரண்டு எஃகுக் கம்பிகளையும் தட்டிப் பார்ப்பான். டயர் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அறைவான். வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாம்," என்று மறுபடி எல்லாவற்றையும் கழற்றிய நாட்களும் உண்டு. சக வெல்டர்கள் கேலி செய்வார்கள். அவன் வாயாலேயே அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பான். ஆனால் கிளம்ப மாட்டான்.

அந்த வெல்டிங் புகைதான் அவனுடைய நுரையீரலைத் தின்றது. சிகரெட்டும் கூடச் சேர்ந்துகொண்டது. ஐம்பத்தெட்டு வயதில் பிக்கப்பின் படியேறி உட்காரவே மூச்சு வாங்கியது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வந்தது. ஸ்டியரிங் கோரின் கைக்கு வந்தது.

முதல் தடவை இழுத்தபோது ஷையெனுக்கு மேற்கே ஒரு இறக்கத்தில் மாட்டிக்கொண்டாள். பக்கவாட்டில் காற்று. பின்னாலிருந்து ஒரு பெரிய லாரி கடந்துபோனது. கடக்கும்போது ட்ரெய்லரை முதலில் வெளியே தள்ளியது, பிறகு தன் பக்கம் உறிஞ்சியது. அவ்வளவுதான். ட்ரெய்லர் ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக, பிக்கப்பின் பின்பக்கத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியது. அவள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். இன்னும் மோசமானது.

"காலை எடு!" ராய்ஸ் கத்தினான். "ரெண்டு காலையும் எடு! திருப்பாதே, நேரா புடி!"

அவன் கையை நீட்டி டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த சின்ன நெம்புகோலை மெல்ல அழுத்தினான். ட்ரெய்லரின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற நெம்புகோல் அது. பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து இழுத்து நிறுத்தியது போல வண்டி நேரானது.

அவள் ஓரம் கட்டி, இறங்கி, புல்லில் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான்.

"பரவாயில்ல கிழவி. நம்ம பாத்திரம் ஒண்ணும் உடையலை."

"வாயை மூடு ராய்ஸ்."

"மூடினா எப்படி மூச்சு விடுறது?"

அதற்குப் பிறகு அவள் நன்றாக ஓட்டினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே வந்தான். நாலு வருஷம் அப்படிப் போனது.

கடைசியில் அவனுக்குக் கிடைத்தது ராலின்ஸுக்கு வெளியே காற்றாலை இறக்கைகளை அடுக்கிவைக்கிற யார்டில் காவல் வேலை. ட்ரெய்லரை வாசலில் நிறுத்திக்கொள்ளலாம், படுத்தபடியே காவல் காக்கலாம். மார்ச் மாதம் அந்த வேலையும் முடிந்தது. நெப்ராஸ்காவில் அவனுடைய அக்கா வெல்மாவின் கொல்லையில் ட்ரெய்லரை நிறுத்திக்கொள்வதாக ஏற்பாடு.

கிளம்பும் நாளில் விடியும்போது காற்று இல்லை. மதியத்துக்கு மேல் வரும் என்று ரேடியோ சொன்னது. கோரின் சீக்கிரம் புறப்பட்டுவிட வேண்டும் என்று பறந்தாள். ராய்ஸ் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தவன் குளிக்க வேண்டும் என்றான். குளித்ததும் இளைப்பு அடங்க நேரமானது. இரண்டு நாளாக அவனுக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவாள் என்று மறைத்திருக்கிறான். அது அவளுக்குத் தெரியாது. சோம்பல் என்று நினைத்துத் திட்டினாள்.

வால்காட் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. எல்க் மலைக்கும் எதிர்ப்பக்கக் குன்றுகளுக்கும் நடுவே அந்த நெடுஞ்சாலை போகிறது. மேற்கிலிருந்து வருகிற காற்றெல்லாம் அந்த இடுக்கில் புகுந்துதான் வெளியேற வேண்டும். கோரின் வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். சாலையோரத்துப் பனித்தடுப்பு வேலிகள் நடுங்குவது உள்ளிருந்தே தெரிந்தது.

"ஒதுங்கு," என்றான் ராய்ஸ். கிளம்பியதிலிருந்து அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

வேகன்ஹவுண்ட் ஓய்விடத்தில் ஒதுங்கினாள். ஏற்கெனவே லாரிகள் வரிசையாக நின்றன. மேற்கே பார்த்த ஒரு இடத்தைத் தேடி, ட்ரெய்லரின் மூக்கு காற்றைப் பார்க்கும்படி வளைத்து நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு புத்தம்புதிய ட்ரெய்லர். ஒஹையோவிலிருந்து வந்த கணவனும் மனைவியும். அந்தப் பெண் ஒரு சின்ன நாயைக் கோட்டுக்குள் வைத்து அணைத்திருந்தாள். ராய்ஸ் ஜன்னல் வழியே அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பின்புறம் இரண்டு சைக்கிள், ஒரு ஜெனரேட்டர், இரண்டு பெரிய பெட்டிகள் தொங்கின.

"போய்ச் சொல்லு," என்றான்.

கோரின் இறங்கிப் போய்ச் சொன்னாள். காற்று அடங்கட்டும், அதற்குள் பின்னால் இருக்கிற சாமான்களை எடுத்து பிக்கப்பில் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அந்த ஆள் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"நல்லதுதான்மா சொல்றீங்க. ஆனா நாளைக்கு எங்க பொண்ணுக்குக் கல்யாணம். மெதுவா உருட்டிக்கிட்டே போயிடுறோம்."

"எல்லாரும் இங்க நிக்கிறாங்க பாருங்க," என்று அந்தப் பெண் கணவனிடம் சொன்னாள். அவர் கேட்காதது போல என்ஜினைக் கிளப்பினார். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் நெடுஞ்சாலையின் மின் அறிவிப்புப் பலகையில் எழுத்து மாறியது. இலகு ரக ட்ரெய்லர்களுக்குச் சாலை மூடப்பட்டது.

கோரின் பிக்கப்புக்குத் திரும்பிவந்தபோதுதான் ராய்ஸின் உதட்டைப் பார்த்தாள். நீலம் பாரித்திருந்தது. நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது.

"எத்தனை நாளா?"

அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்தான்.

"ராய்ஸ், எத்தனை நாளா இப்படி?"

"முந்தாநாள்லேர்ந்து."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். முன்னால் ஆர்லிங்டன் பக்கத்தில் ஒரு விபத்து, கிட்டே இருக்கிற வண்டிகள் எல்லாம் அங்கே போயிருக்கின்றன, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றாள் எடுத்த பெண். மூச்சுக் கருவியை முழு வேகத்தில் வைத்தும் அவனுக்குப் போதவில்லை. தலை நெஞ்சில் சரிந்து சரிந்து விழுந்தது.

பக்கத்து லாரியிலிருந்து ஒரு கறுப்பர் இறங்கிவந்தார். ஓடெல் என்று பெயர் சொன்னார். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இவரை இப்படியே வெச்சிருந்தா ஆகாதும்மா. பிக்கப் மட்டும்னா போகலாம், தடுக்க மாட்டாங்க. ட்ரெய்லரை அவிழ்த்துவிட்டுட்டுக் கிளம்புங்க."

ராய்ஸுக்கு அது காதில் விழுந்துவிட்டது. கண்ணைத் திறந்தான்.

"அவிழ்க்காதே."

"ஆம்புலன்ஸ் வராதாம், ராய்ஸ். லாரமி ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்."

"இழுத்துக்கிட்டுப் போ. உனக்கு ஓட்டத் தெரியும்."

"இந்தக் காத்துல நீயே கிளம்ப மாட்டே."

"நான்தான் செத்துக்கிட்டிருக்கேனே. அதனால இன்னைக்குக் கிளம்புவேன்." மூச்சு பிடிக்க நிறுத்தினான். "அது என் வீடு, கோரின். நட்டநடு ரோட்டுல விட்டுட்டுப் போவியா?"

"அது எனக்கும் வீடுதான்!"

"அப்ப விடாதே."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று முதுகில் மோதி அவளை அவன் மேல் தள்ளியது. இழுத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். இருபது மைலுக்குள் காற்று ஊதிக் கவிழ்த்துவிடும் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கவிழ்ந்தால் அவன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே சாவான். அதைத்தான் அவள் நினைத்தாள், பிறகு கேட்டவர்களிடமும் அதையேதான் சொன்னாள்.

"நான் அவிழ்க்கிறேன்," என்றாள்.

"அவிழ்த்தே, உன்கூடப் பேச மாட்டேன்."

"பேசாதே. மூச்சை மட்டும் விடு."

சாதாரண நாளில் பூட்டியதை அவிழ்ப்பது பெரிய வேலை இல்லை. அன்று அந்த எஃகுக் கம்பிகள் இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றன. இரும்புக் குழாயைச் செருகி நெம்பினால் காற்று ஆளையும் குழாயையும் சேர்த்துச் சாய்த்தது. ஓடெல் தன் உடம்பைச் சாய்த்து நெம்ப, அவள் கழற்றினாள். ஒரு கம்பி தெறித்து அவள் முழங்கையைக் கிழித்தது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்கள். ட்ரெய்லரின் நாலு மூலைத் தாங்குகால்களையும் இறக்கினார்கள். ஓடெல் தன் லாரியிலிருந்து சங்கிலி கொண்டுவந்து ஒரு பக்கத்தை விளக்குக் கம்பத்தோடு கட்டப் பார்த்தார். எட்டவில்லை.

"மூக்கு காத்தைப் பாத்து நிக்குது. நிக்கும்," என்றார். "நான் இங்கதான் இருப்பேன். போன் நம்பரைக் குடுத்துட்டு நீங்க போங்க."

உள்ளே ஓடிக் கைக்கு அகப்பட்டதை எடுத்தாள். மாத்திரைகள், ஒரு போர்வை, ஒரு துணிப்பை. அந்தப் பையில் துவைக்காத அழுக்குத் துணிதான் இருந்தது என்பதை லாரமியில் திறந்தபோதுதான் பார்த்தாள்.

பின்னால் பாரம் இல்லாத பிக்கப்பையே காற்று கோடு தாண்டித் தள்ளியது. ஆர்லிங்டனுக்கு முன்னால் சிவப்பு விளக்குகள். ஒஹையோக்காரர்களின் புது ட்ரெய்லர் பள்ளத்தில் தீப்பெட்டியை மிதித்தது போலக் கிடந்தது. பிக்கப் தலைகுப்புறக் கிடந்தது. பனித்தடுப்பு வேலியில் ஒரு மெத்தை ஒட்டிக்கொண்டு படபடத்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் சாலையோரத்தில் யார் மீதோ குனிந்திருந்தார்கள். போலீஸ்காரர் கையை வீசி அவளைப் போகச் சொன்னார். ராய்ஸ் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"பின்பாரம்," என்றான்.

லாரமி வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அவனைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவன் கையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அன்று மாலை ஓடெல் போன் செய்தார். காற்று திசை மாறிவிட்டதாம். மேற்கேயிருந்து அடித்துக்கொண்டிருந்தது சட்டென்று வடக்கிலிருந்து அடிக்கத் தொடங்கி ட்ரெய்லரை விலாவில் பிடித்துக்கொண்டதாம்.

"என் லாரியை நகர்த்தி காத்துக்குக் குறுக்க நிறுத்தலாம்னுதான் ஏறினேன். என்ஜினைக் கிளப்பறதுக்குள்ள கவுந்துருச்சும்மா. மன்னிச்சுக்கங்க."

"நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கிறீங்க?" என்றாள் அவள். அந்த மனிதர் அழுவது போலிருந்தது. அவள் அழவில்லை.

நிமோனியா. ராய்ஸ் பிழைத்தான். நெப்ராஸ்காவில் வெல்மா தன் பின்னறையை ஒழித்துக்கொடுத்தாள். போகிற வழியில் கோரின் உடைந்த வண்டிகள் போடும் யார்டுக்கு ஒரு நடை போனாள். ட்ரெய்லர் பக்கவாட்டில் கிடந்தது. கூரை திறந்திருந்தது. உள்ளே எல்லாம் ஒரே சுவரில் குவிந்திருந்தன, மாவு, கண்ணாடி, ராய்ஸின் செருப்பு, திரைச்சீலை. எல்லாவற்றின் மேலும் சலவைத்தூள் கொட்டிக் கட்டிதட்டியிருந்தது. யார்டுக்காரன் ஏணி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

அந்த ஒஹையோப் பெண் செத்துப்போனாள் என்று பிறகு தெரிந்தது. கணவர் பிழைத்தார். நாய் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணிடமே நேராகப் பேசியிருக்க வேண்டும், வண்டிக்கு முன்னால் போய் நின்றாவது தடுத்திருக்க வேண்டும் என்று கோரினுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதை அவள் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. சொல்ல வேண்டியவன் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

பேச மாட்டேன் என்றானே, அப்படியே இருந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. தண்ணீர் கேட்டான், ஜன்னலைத் திறக்கச் சொன்னான். ஆனால் அவளைப் பார்த்துப் பேசவில்லை. வெல்மாவைப் பார்க்க யார் வந்தாலும், கோரின் காது கேட்கவே சொன்னான்: "வீடுன்னு ஒண்ணு இருந்துச்சு. ரோட்டுல விட்டுட்டு வந்துட்டா."

"அவன் மேல உசிரை வெச்சுத்தானே அப்படிச் செஞ்சே," என்று வெல்மா அப்போது சொன்னாள். ஒரு மாதம் போனதும் அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் அலுத்துவிட்டது. சின்ன வீட்டில் இரண்டு பேர் கூடுதல்.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல். கோரின் அவனுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தாள். சோப்பு நுரைக்குள்ளிருந்து அவன் கேட்டான்:

"எந்தப் பக்கம் சாஞ்சுது?"

அவள் கத்தியைத் துண்டில் துடைத்தாள். "தெக்கே. காத்து திரும்பி வடக்கேயிருந்து அடிச்சிருச்சு."

"மூக்கை எங்க பாத்து வெச்சிருந்தே?"

"மேக்கே."

அவன் கண்ணுக்கு முன்னால் அந்த ஓய்விடத்தை விரித்து வைத்துப் பார்ப்பது போலிருந்தது.

"நானா இருந்தாலும் அப்படித்தான் வெச்சிருப்பேன்," என்றான்.

"அவிழ்த்திருப்பியா?"

"மாட்டேன்."

"நான் அந்த சீட்ல உக்காந்து, என் உதடு நீலமா இருந்தா?"

அவன் கன்னத்தைத் திருப்பி, மழிக்காத பக்கத்தைக் காட்டினான். அவள் மீதியை மழித்து முடித்தாள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது பழையபடி, "ரோட்டுல விட்டுட்டா," என்றுதான் சொன்னான். ஆனால் அன்று அவர் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது போலச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் முடிவதற்குள் போய்விட்டான். அடக்கத்தன்று, வீடு முழுக்க ஆட்கள் இருக்கும்போது, வெல்மா உருளைக்கிழங்குத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "என் தம்பி தன் கட்டில்ல சாகணும்னு ஆசைப்பட்டான்," என்றாள். கோரினுக்கு அந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல வாய் வரை வந்தது. கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். தட்டை எடுத்து எல்லோருக்கும் பரிமாறினாள்.

அவள் ராலின்ஸுக்குத் திரும்பவில்லை. நெப்ராஸ்காவிலேயே ஓகலாலாவில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையல்கட்டில் சேர்ந்தாள். இல்லத்துக்குப் பின்னால் ஊழியர்களுக்கென்று ஒரு செங்கல் கட்டடம் இருந்தது. அதில் தரைத்தளத்தில் ஓர் அறை கிடைத்தது. முதல் சில வாரம் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. படுக்கை கொஞ்சம்கூட ஆடவில்லை. பிறகு தூங்கப் பழகிக்கொண்டாள்.

வேலையில் யாருக்கும் அவளைப் பற்றி அதிகம் தெரியாது. புருஷன் நுரையீரல் நோயில் போனவர் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஓடெல் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டாம் தடவை, மேற்கே போகிறேன், உங்க ஊர் வழியாகத்தான், காபி குடிக்க வருகிறீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றாள். நெடுஞ்சாலையோர ஓட்டலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆப்பிள் பை சாப்பிட்டார்கள். அவர் தன் பேத்தியின் படத்தைக் காட்டினார். அந்த நாளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் அவர், "கை சரியாயிருச்சா?" என்று கேட்டார். அவள் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு லாரியில் ஏறினார். அவளுக்கு மூன்று மணிக்கு இரவுச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்க வேண்டியிருந்தது. நடந்தே திரும்பினாள்.